கதவு சுமந்து வந்த ஆள்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். கணப்புக்கு வலப்பக்கம், தன்னுடைய கைவைத்த நாற்காலியில், அப்பா வில்ஃப் ஹோல்ராய்ட். சோபாவில், மாடிப்படிக் கதவை ஒட்டிய மூலையில், மடியில் பின்னல் வேலையோடு அத்தை மேட்ஜ். அதற்கு நேர் எதிரே ஜன்னலடியில், மடக்கு மேசைக்கும் திரைச்சீலைக்கும் நடுவில் முக்காலி போட்டு, அண்ணன் கிளைவ், வயது பதினொன்று. டெலிவிஷன் பெட்டிக்கு முன்னால் கம்பளத்தில், கையை நீட்டினால் குமிழ் எட்டும் தூரத்தில், ஜேனிஸ், வயது ஏழு. அம்மா வீட்டில் இல்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட்.

கீத்லியில் வெளிவரும் வாரப் பத்திரிகையின் பழைய நினைவுகள் பக்கத்துக்கு ஜேனிஸ் இப்படித்தான் எழுதத் தொடங்கினாள். முனிசிபல் ஆபீசில் சம்பளப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எதை எழுதினாலும் யார், எங்கே, எப்போது என்று வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள். விஷயம் இதுதான்: 1972, இலையுதிர் காலம், ஒரு வியாழக்கிழமை, சாயங்காலச் சாப்பாடு முடிந்த நேரம். ஒரு சிரிப்புத் தொடர். பழுப்பு மேலங்கி போட்ட ஒருவர் முதுகில் மரக்கதவைச் சுமந்துகொண்டு வருவார். எந்த வீட்டு நிலைக்கும் அந்தக் கதவு பொருந்தாது. அவர் திரும்பினால் கதவு யாரையாவது இடித்துத் தள்ளும். கூடவே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் அளவு நாடாவோடு. தொடரின் பெயர் என்ன? எந்தப் பக்கத்தில் வந்தது?

கடைசிக் கேள்விக்கு அடியில் கோடு போட்டாள். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் சேனல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் நிகழ்ச்சிக்கு நடுவே விளம்பரம் வரும். மற்றப் பக்கத்தில் வரவே வராது.

மாடியில் ஐந்தாவதாக ஒருவன் இருந்ததைப் பத்திரிகைக்கு அவள் எழுதவில்லை.

அவன் தம்பி நீல். மூன்று வயது. நாய் குரைப்பதுபோல ஒரு இருமல் இரண்டு நாளாக அவனைப் பிடித்திருந்தது. அறையில் கெட்டிலை வைத்து ஆவி பிடிக்கவிடுங்கள், அடிக்கடி போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மாடிப்படியின் அடியில் ஒரு கதவு; கீழே உள்ள சூடு மேலே ஏறி வீணாகாமல் இருக்க அதைச் சாத்தியே வைத்திருப்பார்கள். வில்ஃப் வீட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. நிகழ்ச்சி ஓடும்போது பெட்டிக்கு முன்னால் யாரும் குறுக்கே போகக் கூடாது. போனால் பிடரியில் ஒன்று விழும். கக்கூசுக்குப் போவது, டீ போடுவது, எல்லாம் விளம்பரத்தில்தான். அவர்கள் வீடு என்றில்லை, தெருவே அப்படித்தான். விளம்பரம் வந்ததும் சுவருக்கு இந்தப் புறமும் அந்தப் புறமும் ஒரே சமயத்தில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கும்.

"விளம்பரம் வரும்போது மேல போயித் தம்பியப் பாருடான்னு பயகிட்டச் சொன்னேன். போகல." வில்ஃப் இதை டாக்டரிடம் சொன்னார், போலீஸ்காரரிடம் சொன்னார், நீலின் சாவு விசாரணையில் சொன்னார், ஷிஃப்ட் முடிந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற அம்மாவிடம் சொன்னார். பிற்பாடு மதுக்கடையில் யார் கேட்டாலும் சொன்னார். பயலை அடிக்கக்கூட மனம் வரவில்லை என்று அங்கே சேர்த்துக்கொள்வார். அது பொய். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் கிளைவ் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான். "விளம்பரம் வரவே இல்லப்பா." கன்னத்தில் விழுந்த அறையின் சத்தத்தில் பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி செத்துக் கிடக்கிறான், இவன் வாய்க்கு வாய் பேசுகிறான் என்று அவர்களும் தலையை ஆட்டினார்கள். அதன்பிறகு கிளைவ் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதினாறு வயதில் ஹல் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவன்தான். அம்மாவின் இறுதிச் சடங்கில் தேவாலயத்தின் கடைசி வரிசையில் நின்றுவிட்டு, எல்லோரும் டீ குடிக்க உட்காருவதற்குள் காணாமல் போனான். அப்பாவின் சடங்குக்கு வரவே இல்லை.

ஜேனிஸும் அப்பா சொன்னதைத்தான் நம்பியிருந்தாள். ஏழு வயதில் நம்பியது கூடவே வளர்ந்தது. அண்ணன் மேல் கோபம் என்று இல்லை. அண்ணன் என்றால் தம்பியைப் பார்க்கப் போகாதவன், அவ்வளவுதான். வேறு விதமாக நினைக்க அவளுக்குக் காரணம் எதுவும் வரவில்லை, இந்த வருஷம் அக்டோபரில் ஹல்லிலிருந்து ஒரு நர்ஸ் போன் செய்யும்வரை.

"கிளைவோட தங்கச்சியா? பர்ஸுக்குள்ள உங்க நம்பர் இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க, அவரு குடுக்கல, நாங்களா எடுத்தோம்." பெர்னடெட் என்று பெயர் சொன்னாள். நோய் முற்றியவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் இல்லத்திலிருந்து பேசினாள்.

"எப்படி இருக்கான்?"

"நுரையீரல்மா. ரொம்ப நாள் இழுக்காது. நான் கூப்பிட்டது வேற விஷயம். சாயந்தரமானா, 'விளம்பரம் வந்துருச்சா, விளம்பரம் வந்துருச்சா'ன்னு கேட்டுட்டே இருக்காரு. சரி, டிவி பாக்கணும் போலன்னு போட்டுவிட்டா, மூஞ்சியச் சுவத்துப் பக்கம் திருப்பிக்கறாரு. ராத்திரி ஷிஃப்ட் பொண்ணுங்க, 'வந்துருச்சு கிளைவ், தூங்குங்க'ன்னு சொல்லிப் பாத்தாங்க. அன்னிக்குக் கட்டில விட்டு எழுந்திரிக்கப் பாத்து விழுந்துட்டாரு. உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

ஜேனிஸ் போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள். "நான் வரட்டுமா?" என்று கேட்டாள்.

"கேட்டேனே. வேணாங்கறாரு. போனும் வேணாமாம். நீங்க ஒரு லெட்டர் போடுங்க, நான் பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டறேன். அதுக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. ஆனா சீக்கிரம் போடுங்கம்மா."

போனை வைத்த பிறகுதான் அந்தச் சந்தேகம் அவளுக்கு முதல்முறையாக வந்தது. செத்துக்கொண்டிருக்கும்போதுமா ஒருவன் தான் செய்யாத வேலைக்குச் சாக்குச் சொல்வான்? வரவில்லை என்று அன்று சொன்னான். வந்துவிட்டதா என்று இன்றும் கேட்கிறான். வந்ததா, இல்லையா? அன்றைய ராத்திரியில் அவள் மூளையில் பதிந்திருந்தது கதவும் பழுப்பு மேலங்கியும் மட்டும்தான். அந்தத் தொடர் எந்தப் பக்கத்தில் வந்தது என்று தெரிந்தால் விளம்பரம் வந்ததா என்பதும் தெரிந்துவிடும். அதற்காகத்தான் பத்திரிகைக்கு எழுதினாள்.

பத்திரிகைக்கு வந்த பதில்களை ஆசிரியர் ஒரு உறையில் போட்டு அனுப்பினார். அது கதவே இல்லை, அலமாரி என்று ஒரு அம்மாள் அடித்துச் சொன்னார். அலமாரியும் இல்லை, சவப்பெட்டி. தொடர் வெட்டியானைப் பற்றியது என்று ஹாவொர்த்திலிருந்து ஒருவர். தன் மாமாதான் அதில் நடித்தார், ஆனால் மாமா பெயர் மறந்துவிட்டது என்று இன்னொருவர். கடைசிக் கடிதத்தில் நான்கே வரி. "எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலையில் நூலகத்தில் இருப்பேன். சிவப்புத் தொப்பி. டெஸ்மண்ட் பில்லிங்."

சிவப்புத் தொப்பி எதிர்பார்த்ததைவிடச் சிவப்பாக இருந்தது. எழுபதைத் தாண்டிய மனிதர், முன்னாள் பஸ் இன்ஸ்பெக்டர். பழைய டெலிவிஷன் தொடர்கள் என்றால் சோறு வேண்டாம் என்கிற கூட்டத்துக்கு இந்த ஊரில் அவர்தான் தலைவர், செயலாளர், பெரும்பாலான வாரங்களில் ஒரே உறுப்பினர்.

"உக்காருங்கம்மா. அலமாரின்னு எழுதினது யாரு தெரியுமா? என் மச்சினி. அவளுக்குப் படகக் காட்டினாலும் அலமாரிம்பா."

"தொடர் பேரு என்னங்க?"

"'டிங்கிள் அண்ட் டாட்டர்.' அப்பன் தச்சன், மக அளவெடுக்கறவ. மக சரியாத்தான் அளப்பா, அப்பன் அவ பேச்சக் கேக்க மாட்டான். கதையே அவ்வளவுதான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன், எங்கம்மா என்னையப் பாத்துச் சிரிப்பா. ஒரே ஒரு சீசன். எழுபத்திரெண்டு, வியாழக்கிழமை, ஏழரை மணி. மறுபடி போடவே இல்ல."

"பாக்க முடியுமா?"

"ஒரு பாகம்கூட மிச்சமில்லம்மா. அப்பல்லாம் டேப் விலை ஜாஸ்தி. அழிச்சுட்டு அதுமேலயே குதிரைப் பந்தயத்த எடுத்துருவாங்க. வெளிச்சம் போட்டுத் தேடியாச்சு, ஒண்ணும் கிடைக்கல. இத்தன வருஷத்துல அத விசாரிச்ச மொத ஆளு நீங்கதான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல போங்க."

"எந்தப் பக்கம்?"

"எது?"

"எந்தப் பக்கத்துல வந்துச்சுன்னு கேட்டேன். விளம்பரம் வர்ற பக்கமா, வராத பக்கமா?"

டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் குரலில் என்னவோ இருந்திருக்க வேண்டும். "வராத பக்கம்மா. அதுல சந்தேகமே இல்ல. ஆரம்பிச்சா அரை மணி நேரம், நடுவுல மூச்சு விட விட மாட்டான். அதனாலதான் எங்கம்மாவுக்குப் பிடிக்காது. டீ ஆறிப்போகும்பா." பிறகு மெதுவாகக் கேட்டார். "என்னம்மா, பந்தயம் கிந்தயம் கட்டியிருந்தீங்களா?"

"இல்லைங்க" என்று மட்டும் சொன்னாள் ஜேனிஸ். எழுந்து கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். ஒன்று மட்டும் இடித்தது, இத்தனை நாள் நினைவுக்கு வராத ஒன்று. அன்று சாப்பிட்டு முடித்து உட்கார்ந்தபோது ஓடிக்கொண்டிருந்தது பரிசுப் போட்டி நிகழ்ச்சி. ஜெயித்தவர்களுக்குச் சலவை இயந்திரம் கொடுப்பார்கள். அது விளம்பரப் பக்கம். அப்படியானால் நடுவில் பக்கம் மாறியிருக்கிறது.

அதைத் தெரிந்தவர் உயிரோடு ஒருவர்தான் இருந்தார்.

மேட்ஜ் அத்தைக்கு வயது எண்பத்தாறு. முதியோர் குடியிருப்பில் இரண்டாம் மாடி. முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை.

"வாடி, இப்பதான் வழி தெரிஞ்சுதா? டீ போடு. பால மொதல்ல ஊத்தாத, உங்கம்மா மாதிரி. அந்த டப்பாவுல இஞ்சிக் கேக் இருக்கு. கீழ் வீட்டுக்காரி செஞ்சா. செங்கல்லு மாதிரி இருக்கும், நனைச்சுத் தின்னு."

ஜேனிஸ் டீயைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கிளைவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அத்தை, டிங்கிள் அண்ட் டாட்டர் ஞாபகம் இருக்கா? ஒருத்தன் கதவத் தூக்கிட்டு வருவானே."

மேட்ஜின் முகம் அப்படியே மலர்ந்தது. "அடி ஆத்தே! அந்தக் கதவு! பாதிரியாரக் குளத்துல தள்ளுவானே! எனக்கு மூச்சே நின்னுரும். உங்கப்பனுக்கு அதுன்னா பைத்தியம். சலவ மெஷின் போட்டி பாதில ஓடிட்டு இருக்கும், மணி பாப்பான், 'ஏ புள்ள, அந்தப் பக்கம் திருப்பு, கதவுக்காரன் வந்துருவான்'ம்பான். நீ கம்பளத்துல உக்காந்துட்டு டக்குனு திருப்புவ. பக்கத்துல உக்காந்தவதானே திருப்பணும். எங்க வீட்டுக் குமிழ்க்காரின்னு உன்னைக் கேலி பண்ணுவோம்…"

சிரிப்பு பாதியில் நின்றது. கப்பைத் தட்டில் வைக்கப் போன கை தட்டைக் காணாமல் தடவியது. ஜேனிஸ் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"அன்னிக்கும் திருப்பச் சொன்னாரா?"

"எல்லா வியாழக்கிழமையுந்தான்."

"அன்னிக்கு, அத்தை."

மேட்ஜ் ஜன்னலைப் பார்த்தாள். "சொன்னான். பயகிட்ட, 'விளம்பரம் வந்தா போயிப் பாரு'ன்னு சொல்லி வாய் மூடல, மணி ஏழரை. திருப்பச் சொன்னான். நீ திருப்பின. அந்தப் பய ஜன்னல்கிட்ட உக்காந்து எங்களையே பாத்துட்டு இருந்தான். எங்க மூஞ்சிய. படத்தப் பாக்கல. எந்திரிக்கறதும் உக்கார்றதுமா இருந்தான். உங்கப்பன் ஒரு மொற மொறச்சான். முடிஞ்சு பாட்டு வந்ததும் குறுக்கால ஓடினான் பாரு…"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"ராத்திரி ஆஸ்பத்திரில இருந்து வந்து, அடுப்படிக் குழாயில மூஞ்சி கழுவினான். துண்ட எடுத்துக் குடுத்தேன். தொடைச்சுக்கிட்டே சொன்னான், 'எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, மேட்ஜ்'னு. யாரும் கேக்கவும் இல்ல."

"நீங்க சொல்லியிருக்கலாம்."

"அவன் என் தம்பிடி. அன்னிக்கே ஒரு புள்ளையத் தொலைச்சவன். அவன் தலைல அதையும் தூக்கி வைக்கச் சொல்றியா? சின்னப் பய, மறந்துருவான்னு நெனச்சோம்."

"மறக்கல" என்றாள் ஜேனிஸ். பிறகு, தான் எழுதிய முதல் வரிகள் நினைவுக்கு வர, "படிக்கதவ ஒட்டி உக்காந்திருந்தது நீங்கதானே? எழுந்து கதவத் திறந்தாப் போதும். பெட்டிக்கு முன்னால போகவே வேண்டாமே" என்றாள்.

மேட்ஜிடம் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. "எங்கிட்ட யாரும் சொல்லலையே, கண்ணு" என்றாள்.

ஜேனிஸ் கப்புகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினாள். வாசல்வரை வந்த பிறகும் அத்தையின் குரல் பின்னால் கேட்டது. "கேக்கக் கொஞ்சம் எடுத்துட்டுப் போ. எனக்குப் பல்லுல மாட்டுது."

வீட்டுக்கு வந்து கோட்டோடு மேசையில் உட்கார்ந்தாள். முதலில் எழுதிய கடிதம் நன்றாக வந்தது. கிளைவ், தொடரின் பெயர் தெரிந்துவிட்டது. அது விளம்பரம் வராத பக்கம். அப்பா நடுவில் பக்கத்தை மாற்றச் சொன்னார். நீ சொன்னது உண்மை. அதை மடித்து உறைக்குள் போடப் போனவள், மறுபடி பிரித்துப் படித்தாள். அப்பா மாற்றச் சொன்னார். சொன்னால் பெட்டி தானாக மாறிவிடுமா? முக்காலியில் உட்கார்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவன் குமிழில் இருந்த கையையும் பார்த்திருப்பான். அப்பாவைக் காட்டிக்கொடுக்காவிட்டாலும் போகிறது. "ஜேனிஸ்தான் திருப்பினா" என்று அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவன் சொல்லியிருக்கலாம். அறை அவளுக்கு விழுந்திருக்கும், அல்லது யாருக்கும் விழாமல் போயிருக்கும். அவன் சொல்லவில்லை. விளம்பரம் வரவில்லை என்று மட்டும் சொன்னான். ஏழு வயதுப் பிள்ளையை அதற்குள் இழுக்காமல் சொல்ல முடிந்த உண்மை அவ்வளவுதான்.

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் தனக்குத் தெரிந்த முறையில் ஆரம்பித்தாள்.

"அன்புள்ள கிளைவ்,

அன்று நம் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா கணப்புக்குப் பக்கத்தில். மேட்ஜ் அத்தை படிக்கதவுக்குப் பக்கத்தில். நீ ஜன்னலடியில், பெட்டிக்குக் குறுக்கே போனால்தான் உனக்கு வழி. நீல் மாடியில். நான் குமிழுக்குப் பக்கத்தில்.

அப்பா உன்னிடம் சொன்னபோது ஓடியது விளம்பரம் வரும் பக்கம். அதன்பிறகு அவர் சொல்லி நான் மறுபக்கம் திருப்பினேன். அந்தப் பக்கத்தில் விளம்பரம் கிடையாது. விசாரித்துத் தெரிந்துகொண்டேன், மேட்ஜ் அத்தையும் ஒப்புக்கொண்டாள். அப்பாவுக்கு அன்று ராத்திரியே தெரியும்.

விளம்பரம் வரவில்லை, கிளைவ். இனிமேலும் வராது. நீ எழுந்திரிக்க வேண்டாம். நான் திருப்பினதை நீ பார்த்தாய், யாரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

உன் தங்கை, ஜேனிஸ்."

மன்னிப்பு என்ற சொல்லை எங்காவது போடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தாள். போட்டால் அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டிவரும். பதில் சொல்ல அவனிடம் மூச்சு இல்லை. விட்டுவிட்டாள்.

உறையின் ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டி, மணிக்கட்டால் அழுத்தித் தேய்த்தாள். முதல் வகுப்புத் தபால்தலை. பெயருக்குக் கீழே, வாசித்துக் காட்டவும் என்று நர்ஸுக்கு ஒரு வரி. தெருமுனைக்குப் போனபோது தபால் வேன் நின்றுகொண்டிருந்தது. சிவப்புப் பெட்டியின் வாயைத் திறந்து ஆள் கடிதங்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா போச்சும்மா" என்று கையை நீட்டினான்.

"ஹல்லுக்கு. நாளைக்குப் போயிருமா?"

"போயிரணும்" என்றான் அவன். உறையை வாங்கிச் சாக்கில் போட்டு, வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டினான்.